ஆழத்தில் நிற்கும் டிரவுட்டுக்குப் பூச்சியை இறக்குவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிய அண்ணனின் கேள்வி நீளம். அதனால் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தோட்ட ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பீகாக் பாஸுக்கும், செண்டெரோ ஏரியில் தோமான் என்கிற பெரிய விராலுக்கும் ஃபிளை ராட் (இறகும் நூலும் கட்டிச் செய்த பொய்ப் பூச்சியை வீசும் தூண்டில் கோல்) வீசிப் பழகியவர். போன ஜனவரியில் மகனைப் பார்க்க நியூசிலாந்தின் ரோட்டோருவாவுக்குப் போனபோது தாராவேரா ஏரியில் டிரவுட் பிடிக்கப் படகு எடுத்திருக்கிறார். படகில் இருந்த சோனார் திரையில் எட்டு, ஒன்பது மீட்டர் ஆழத்தில் மீன்கள் வரிசையாகத் தெரிந்தன. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை வீசியும் ஒன்றுகூடத் தொடவில்லை. பெட்டியில் இருந்த பூச்சிகளை எல்லாம் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துவிட்டார். வரும் ஜனவரியில் மறுபடியும் போகிறார். “எந்தப் பூச்சி வாங்கிப் போவது?” என்பது கேள்வி.

அண்ணே, நீங்கள் கேட்டது பூச்சியைப் பற்றி. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பதில் கிடக்கிறது. மிதக்கும் லைன், அதன் நுனியில் மூன்று மீட்டர் தங்கூசி (பூச்சியைக் கட்டும் மெல்லிய நரம்பு), அதில் கொஞ்சம் எடை வைத்த பூச்சி. இந்தக் கூட்டணியோடு நீங்கள் இழுக்கத் தொடங்கியதும் பூச்சி இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மேல் ஏறிவிடும். மீன் நின்றது அதற்கு ஆறேழு மீட்டர் கீழே. அன்றைக்கு உலகத்திலேயே நல்ல பூச்சியைக் கட்டியிருந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே பூச்சியைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஆழம், பிறகு அந்த ஆழத்திலேயே பூச்சியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம் என்பது.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீடோர் பக்கம் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவன். ரோட்டோருவாவில் ஒரு தூண்டில் சாமான் கடையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ரீலில் லைன் சுற்றிக் கொடுப்பதும், லீவு நாளில் வாடிக்கையாளர்களோடு படகில் போவதும்தான் வேலை. எனக்குத் தெரிந்தது ஏரி டிரவுட். ஆற்று டிரவுட் வேறு வித்தை, அதில் நான் மாணவன்தான்.

நம் ஊர்ப் பழக்கம் இங்கே ஒரு இடத்தில் காலை வாரும். தோமானும் அதன் இனத்து ஹருவானும் காற்றைச் சுவாசிக்கும் மீன்கள். எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தே தீர வேண்டும். நாம் அந்தக் குமிழிக்காகக் காத்திருந்து, அது வந்த இடத்துக்கு முன்னால் வீசுகிறோம். மீனே வந்து தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. டிரவுட்டுக்கு அந்தத் தேவை இல்லை. கோடையில் ஒரு பகல் முழுக்க மேலே எட்டிப் பார்க்காமல் கீழேயே இருந்துவிடும். தண்ணீர் மேல் அசைவு இல்லை என்றால் மீன் இல்லை என்று நினைப்பது செண்டெரோவில் ஓரளவு சரி, தாராவேராவில் சரியில்லை.

அது ஏன் கீழே போகிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். டிரவுட் குளிர்நீர் மீன். சுமார் 10 முதல் 16 டிகிரி வரை அதற்கு வசதி. 20ஐத் தாண்டினால் திணறும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். நம் குட்டைகளின் 30 டிகிரித் தண்ணீரில் அது ஏழரைதான். கோடை வெயிலில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகி லேசாகிவிடும். கீழே இருப்பது குளிர்ந்து கனமாகவே இருக்கும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. நடுவில் சில மீட்டருக்குள்ளேயே வெப்பம் மளமளவென்று இறங்கும் ஒரு அடுக்கு உண்டு, தெர்மோக்ளைன் என்பார்கள். டிரவுட் பெரும்பாலும் அந்த அடுக்கையும் அதற்குச் சற்று மேலேயும் கீழேயும் உள்ள தண்ணீரையும் ஒட்டித்தான் திரியும். ஆழம் கூடக் கூட நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சத்து மிகுந்த ஏரிகளில் அடித்தண்ணீரில் கோடைக் கடைசியில் ஆக்சிஜன் தீர்ந்துபோய்விடும், அங்கே மீன் நிற்காது.

இன்னொரு கசப்பான உண்மை. பூச்சித் தூண்டிலால் ஒழுங்காக வேலை செய்யக்கூடிய ஆழம் என் கணக்கில் பத்து மீட்டர், மிஞ்சினால் பன்னிரண்டு. தாராவேராவின் அதிகபட்ச ஆழம் 87 மீட்டர் அளவில், தௌப்போ ஏரி 186 மீட்டர். திரையில் 25 மீட்டரில் மீன் தெரிந்தால் அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஈயம் உள்ளே வைத்த லைனைப் படகுக்குப் பின்னால் இழுத்துப் போகிறவர்களுக்கு அந்த மீனை விட்டுவிடுங்கள். உங்களுக்கு உரிய மீன், கரையோரத்து நீர்ப்பாசிக் காடு முடிந்து தரை சரிந்து இறங்குகிற விளிம்பில் இருக்கிறது. ஸ்மெல்ட் என்கிற சிறு மீன் கூட்டம் அங்கே ஒதுங்கும். கோரா என்கிற நன்னீர்ச் சிங்கி இறாலும் அங்கேதான். வெயில் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் டிரவுட் அந்த விளிம்புக்கு மேலேறி வரும். ஜனவரியில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடும். பசியாறிவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தால் நல்ல நேரம் போயே போய்விடும்.

காற்றைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. பலமான காற்று ஒரே பக்கமாக ஒன்றிரண்டு நாள் அடித்தால் சூடான மேல்தண்ணீர் எதிர்க்கரையில் போய்க் குவியும். காற்று புறப்படுகிற கரையில் குளிர்ந்த தண்ணீர் மேலேறும். இது இயற்பியல், சந்தேகமில்லை. ஆனால் மீன் எந்தப் பக்கம் போகும் என்பதில்தான் வழக்கு. இரையெல்லாம் காற்று போகும் கரைக்குத்தான் அடித்துச் செல்லப்படும், மீனும் அங்கேதான் என்பார்கள் பாதிப் பேர். நான் வெப்பமான நாட்களில் காற்று புறப்படும் கரையில் நிற்பேன். அங்கே ஆழம் கைக்கெட்டும், காற்றும் முதுகுப்பக்கம் இருக்கும். இதை என் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், விதி என்று அல்ல.

சரி, லைனுக்கு வருவோம். மூழ்கும் லைன்களின் பெட்டியில் டிஐ 3, டிஐ 5, டிஐ 7 என்று போட்டிருக்கும். அந்த எண், நொடிக்கு எத்தனை அங்குலம் இறங்கும் என்பது. டிஐ 3 நொடிக்கு ஏழரை சென்டிமீட்டர், டிஐ 7 ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். ஒன்பது மீட்டர் இறங்க முதலாவதற்கு இரண்டு நிமிடம் வேண்டும், இரண்டாவதற்கு ஐம்பது நொடி போதும். நீங்கள் இரண்டே இரண்டு வாங்கினால் போதும். ஒன்று டிஐ 7, இன்னொன்று இன்டர்மீடியட் எனப்படும் மெதுவாக இறங்கும் ரகம், காலையின் முதல் ஒரு மணி நேரத்துக்கு. நுனியும் நடுவும் ஒரே வேகத்தில் இறங்கும்படி செய்த லைனாகக் கேட்டு வாங்குங்கள். பழைய ரகத்தில் தடித்த நடுப்பகுதி முதலில் இறங்கித் தொங்கும், நுனி மேலேயே நிற்கும், மீன் தொட்டது உங்கள் கைக்கு வந்து சேராது. தோமானுக்கு வைத்திருக்கும் 8 எண் கோல் போதும், கொஞ்சம் முரடுதான், ஆனாலும் பாதகமில்லை. அதே எண்ணில் லைன் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊர் வெயிலுக்கென்று செய்த லைனை அங்கே கொண்டுபோகாதீர்கள். குளிரில் அது விறைத்துச் சுருள் சுருளாகக் கிடக்கும். போன தடவை லைன் நேராகவே நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, காரணம் பெரும்பாலும் அதுதான்.

மூழ்கும் லைனுக்குத் தங்கூசி நீளமாக இருந்தால் லைன் மட்டும் கீழே போகும், பூச்சி மேலே மிதந்துகொண்டிருக்கும். ஒன்றேகால் மீட்டர் போதும். ஃப்ளூரோகார்பன் ரகம் சாதாரண நைலானைவிடக் கனம், தண்ணீரில் தானே இறங்கும். இங்கே அதையே போடுங்கள்.

இனி எண்ணுவது. ஆழத்து மீன்பிடியில் பாதி வேலை இதுதான், பெரும்பாலானவர்கள் சோம்பல் படுவதும் இதில்தான். படகை நங்கூரம் போட்டு நிறுத்துங்கள். படகு நகர்ந்தால் எண்ணுவதற்கு அர்த்தமே இல்லை. இருபது மீட்டர் வீசுங்கள். லைன் தண்ணீரில் விழுந்ததும் ஒரே ஒரு இழுப்பு, தளர்ச்சி எல்லாம் போய் நேராகட்டும். கோலின் நுனியைத் தண்ணீருக்குள் ஒரு சாண் இறக்கி லைனை நோக்கி நேராகப் பிடியுங்கள். இப்போது வாய்விட்டு எண்ணுங்கள். முதல் வீச்சில் பதினைந்து வரை எண்ணி இழுங்கள். அடுத்தது இருபத்தைந்து. அடுத்தது முப்பத்தைந்து. ஒவ்வொரு வீச்சும் விசிறி மாதிரி கொஞ்சம் பக்கம் தள்ளி. நாற்பத்தைந்தில் பூச்சி பாசியை அள்ளிக்கொண்டு வந்தால் அடுத்து நாற்பதில் இழுக்கத் தொடங்குங்கள். எந்த எண்ணில் மீன் தொட்டதோ அந்த எண்ணை விடாதீர்கள். பக்கத்து வீச்சும் அதே எண், அதற்கடுத்ததும் அதே எண். மீன் கூட்டம் ஒரே அடுக்கில் நிற்கும்போது பூச்சியை மாற்றுகிறவன் நேரத்தைத் தொலைக்கிறான். எண்ணை மாற்றிப் பார்க்கிறவனுக்கு மீன் வரும்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகமும் உங்கள் லைன் நிஜமாக இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்காது. பூச்சியின் பருமன், வீசிய நீளம் எல்லாம் அதை மாற்றும். இதைச் சோதிக்க உங்களுக்கு நியூசிலாந்து வேண்டாம், சுங்கை சிப்புட்டிலேயே செய்யலாம். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி ஈயக் குட்டையில் இறக்கி, ஆறு மீட்டர் ஆழமுள்ள இடம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அங்கே வீசி, பூச்சி தரையைத் தட்டும் வரை எண்ணுங்கள். நாலைந்து தடவை செய்தால் உங்கள் நாக்கின் வேகமும் லைனின் வேகமும் ஒத்துவந்துவிடும். தண்ணீர் சூடு கொஞ்சம் வித்தியாசம் காட்டும், பொருட்படுத்த வேண்டாம். ஒன்று மட்டும், குட்டை விளிம்பில் நின்று செய்யாதீர்கள். அந்தக் கரைகள் உள்ளே செங்குத்தாக இறங்கும், மழைக்குப் பிறகு சேறு அப்படியே சரிந்துவிடும். துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு படகிலோ திடமான மேடையிலோ நின்று செய்யுங்கள்.

இழுப்பது மெதுவாக. பீகாக் பாஸுக்கு இழுக்கும் வேகத்தில் இழுத்தால் லைன் மேலேறிவிடும், அரை நிமிடம் காத்திருந்தது வீண். இடது கை விரல்களில் லைனை எட்டு மாதிரி சுற்றிச் சுற்றிச் சேர்ப்பது ஒரு முறை. இன்னொன்று, முழ அளவு இழுத்து, இரண்டு நொடி நிறுத்தி, மறுபடி இழுப்பது. நான் இரண்டாவதில் தொடங்குவேன். லைனில் பாதி கைக்கு வந்ததும் பூச்சி சரிவாக மேலேறத் தொடங்கும். பின்னாலேயே வந்த மீன் பல நேரம் இந்த இடத்தில்தான் தயங்கும். அதனால் கடைசி மூன்று மீட்டர் வரும்போது உடனே தூக்கி வீசாமல், கோலை மெல்ல உயர்த்திப் பூச்சியை அப்படியே பத்து எண்ணும் வரை தொங்கவிடுங்கள். படகோரம்தானே என்று அலட்சியமாக இருப்பவருக்கு, ஒன்றும் வரவில்லை என்ற நாளில் வருகிற ஒரே மீன் இந்தப் பத்து எண்ணுக்குள் வரும்.

தொடுவதும் தோமான் மாதிரி இருக்காது. ஈரச் சாக்கு ஒன்று பூச்சியில் மாட்டிக்கொண்டது போல லைன் கனக்கும், அவ்வளவுதான். பாசி என்று நினைத்து விட்டுவிடுவோம். சந்தேகம் வந்தால் கோலைத் தூக்க வேண்டாம், லைனை இடது கையால் நீளமாக ஒரு இழுப்பு இழுங்கள். பாசி என்றால் ஒன்றும் நஷ்டமில்லை. கோலை ஓங்கித் தூக்கினால் அந்த அசைவை லைனின் வளைவே தின்றுவிடும். முள் ஏறாது. ஏறிவிட்டாலோ மூன்று கிலோ தாங்கும் தங்கூசி அறுந்துவிடும்.

தரையை ஒட்டிப் பிடிப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. பூபி என்று ஒரு பூச்சி, தலையில் இரண்டு நுரை உருண்டை வைத்துக் கட்டியது, தானாக மிதக்கும். அதை டிஐ 7 லைனில் முக்கால் மீட்டர் தங்கூசியோடு கட்டினால் லைன் தரையில் படுக்கும், பூச்சி பாசிக்கு மேலே முக்கால் மீட்டர் உயரத்தில் மிதந்து நிற்கும். இழுத்தால் குனியும், விட்டால் எழும். அது எழுகிற கணத்தில்தான் டிரவுட் பெரும்பாலும் வாய் வைக்கும். குறை என்னவென்றால், அசையாமல் போட்டு வைத்தால் மீன் அதைத் தொண்டை வரை விழுங்கிவிடும். மீனைத் திரும்ப விட நினைப்பவர்கள் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காற்று இல்லாத நாளில் தலைகீழான இன்னொரு வழி. மிதக்கும் லைன், அதில் ஒரு மிதப்பு, அதற்குக் கீழே நேராகத் தொங்கும் பூச்சி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஏரிகளில் இது பெரிய கலை. நான் அதை நியூசிலாந்தின் சிறிய ஏரிகளில் மட்டும் செய்து பார்த்தவன், அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் முள்ளைக் கழற்றும் இடுக்கியைப் பூச்சியில் மாட்டிப் படகோரமாக இறக்குங்கள். அது தரையைத் தொட்டதும் மிதப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு அரை முழம் கீழே தங்கூசியில் பொருத்துங்கள். இடுக்கியை எடுத்துவிட்டால் பூச்சி தரைக்கு மேலே சரியாக அந்த அரை முழத்தில் தொங்கும். சேற்றில் வாழும் கைரோனோமிட் என்கிற கொசு போன்ற பூச்சியின் புழுக்கள் அங்கேதான் எழுந்து வரும். அவை சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் உடம்பில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அதனால் பிழைக்கின்றன. ஐந்தாறு மீட்டருக்கு மேல் இந்த முறை சிரமம். தங்கூசி அதற்குமேல் நீண்டால் வீசவும் முடியாது, மீனை வலைக்குக் கொண்டுவரவும் முடியாது. இழுத்து வரும்போது கழன்று சறுக்கும் மிதப்பு கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

இப்போது பூச்சி. ஸ்மெல்ட் மாதிரி வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒன்று, அங்கே கிரே கோஸ்ட் என்று கேளுங்கள். பச்சைப் பழுப்பில் ஹாமில்ஸ் கில்லர் ஒன்று. கறுப்பு வூலி பக்கர் ஒன்று. பூபி இரண்டு நிறத்தில். இவ்வளவு போதும், போன தடவை வாங்கிய பெட்டியில் பாதி இருக்கும். நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் வியாபாரம். தெளிந்த தண்ணீரில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கும் என்பது உறுதி. அதற்காக ஒன்பது மீட்டரில் சிவப்புக் கட்டினால் மீன் எடுக்காது என்று சொல்ல முடியாது, எடுத்திருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் கறுப்பு நிழலுருவாக நன்றாகத் தெரியும் என்பதை நான் நம்புகிறேன். காற்றழுத்தம், நிலவு என்று சொல்வதையெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன், அதை வைத்து ஒரு நாளும் வீட்டில் உட்கார்ந்ததில்லை.

ஆழத்திலிருந்து வந்த டிரவுட்டைத் திரும்ப விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விடலாம். கடலில் ஆழத்திலிருந்து இழுத்த இக்கான் மேராவுக்கு வயிறு வாய்வழியாகப் பிதுங்குமே, அந்த அளவு சேதம் இதற்கு நேராது. டிரவுட்டின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் குழாய்த் தொடர்பு உண்டு, காற்றை வெளியே விட்டுக்கொள்ளும். ஆபத்து வேறு பக்கம். மேல்தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் நாளில் நீண்ட நேரம் போராடவிட்டு, காற்றில் தூக்கிப் படமும் எடுத்தால் பிழைக்காது. அப்படிப்பட்ட நாளில் சாப்பிடத் தேவையானதைப் பிடித்ததும் கோலைச் சுருட்டிவிடுவதே நல்லது. நியூசிலாந்தில் டிரவுட்டைக் கடையில் விற்கச் சட்டம் இடமளிப்பதில்லை, மருமகள் குழம்பு வைக்க வேண்டுமென்றால் நீங்கள் பிடித்தால்தான் உண்டு. சதை கொஞ்சம் எண்ணெய்ப் பசை, புளி தூக்கலாக வைக்கச் சொல்லுங்கள்.

ரோட்டோருவா வட்டார ஏரிகளுக்கு ஃபிஷ் அண்ட் கேம் என்கிற அமைப்பின் லைசன்ஸ், தௌப்போவுக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தனி லைசன்ஸ். ஒன்று மற்றதற்குச் செல்லாது. வெளிநாட்டவருக்கு என்று தனி வகை இருக்கிறது, மகன் பெயரில் எடுத்ததை நீங்கள் பயன்படுத்தக் கூடாது. நாளொன்றுக்கு எத்தனை மீன், எந்த ஏரி எப்போது மூடியிருக்கும், எத்தனை பூச்சி கட்டலாம் என்பதெல்லாம் ஏரிக்கு ஏரி மாறும், அந்த வருட விதிப் புத்தகத்தைப் பாருங்கள். இங்கே பயன்படுத்திய கோல், ரீல், பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவி முழுசாகக் காயவைத்து எடுத்துப் போங்கள். விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அடிப்பாகம் ஃபெல்ட்டில் (அழுத்திச் செய்த தடித்த துணி) செய்த பூட்ஸ் 2008 முதல் அங்கே தடை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. ஜனவரியில் வெயில் கொளுத்தினால் படகையும் மூழ்கும் லைனையும் வைத்துவிட்டு ரோட்டோருவா ஏரிக்கே போங்கள். அதன் சராசரி ஆழம் 11 மீட்டருக்கு உள்ளேதான், காற்று அடித்தால் அடி வரை கலங்கிவிடும், மீனுக்கு ஒளிய ஆழம் கிடையாது. அதனால் டிரவுட் எல்லாம் ஹமுரானா, அவாஹௌ மாதிரி குளிர் ஊற்றுத் தண்ணீர் வந்து சேரும் வாய்களில் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று உங்கள் மிதக்கும் லைனாலேயே பிடிக்கலாம். சுருளாத லைனாக மட்டும் இருக்கட்டும்.